டிஷ்ஷா கேபிளா? ஒம்பது வருசம் அது, ஆறு வருசம் இது

எங்க வீட்ல ஒம்பது வருசம் கேபிள், அப்புறம் ஆறு வருசம் டிஷ், இப்ப வீடு மாறி வந்ததுல மறுபடியும் கேபிள். ரெண்டு பக்கத்து கஸ்டமர் கேரோடயும் மல்லுகட்டியாச்சு. அதனால யாராச்சும் எது போடலாம்னு கேட்டா நான் திருப்பி ரெண்டு கேள்விதான் கேப்பேன், உங்க தெருவுல கரன்ட் அடிக்கடி போகுமா, மொட்டை மாடி உங்க கைல இருக்கா? சேனல் லிஸ்ட் எல்லாம் அதுக்கப்புறம் பேசிக்கலாம்.

ஏன்னா எனக்கே ரொம்ப நாள் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. கேபிள்ல வர்றதும் முக்காவாசி சாட்டிலைட்ல இருந்து வர்றதுதான். கேபிள்காரரோட கன்ட்ரோல் ரூம் மாடிக்கு ஒரு தடவ போற வாய்ப்பு கெடச்சுது, அங்க பாத்தா ஆளு உள்ள படுத்து தூங்கலாம் போல பெரிய பெரிய டிஷ்ஷா நிக்குது. சேனல்காரன் அனுப்புற சிக்னல் 36,000 கிலோமீட்டர் மேல போய், அங்க நிக்கிற சாட்டிலைட்ல பட்டு, அதே தூரம் கீழ எறங்கி அந்த டிஷ்ல விழுது, அங்கேந்து ஒயர் வழியா நம்ம வீட்டுக்கு வருது (இப்ப சில சேனல் ஃபைபர்லயே அவங்க கைக்கு வந்துடுது, அது வேற). டிடிஹெச்னா அந்த டிஷ்ஷ சின்னதாக்கி நம்ம மாடிலயே மாட்டி விட்டுடுறாங்க. ஆக டிஷ் யாரு மாடில இருக்கு, அங்கேந்து டிவி வரைக்கும் உள்ள வழிக்கு யாரு பொறுப்பு, இதுதான் உண்மையான வித்தியாசம், நல்லது கெட்டது எல்லாமே இதுலேந்துதான் வருது.

மழைல இருந்து ஆரம்பிக்கிறேன், டிஷ்னாலே எல்லாரும் அததான் கேக்குறாங்க. ஆமா, மழைல போகும். வீட்டு டிஷ்ஷுக்கு வர்றது கேயூ பேண்ட்ங்கற அலைவரிசை, சுமார் 11, 12 கிகாஹெர்ட்ஸ், அலையோட நீளம் ரெண்டரை சென்டிமீட்டர்தான், அதனால கனமான மழைத்துளி அத உறிஞ்சும், சிதறடிக்கும். கேபிள்காரர் வச்சிருக்க பெரிய டிஷ் பெரும்பாலும் சி பேண்ட், 4 கிகாஹெர்ட்ஸ் பக்கம், அலை பெருசு, மழை அத ஒண்ணும் பெருசா பண்ணாது. ஆனா ஒண்ணு, தூறல் போட்டாலே படம் போகுதுன்னா அது மழையோட தப்பு இல்ல, மாட்டுனவரோட தப்பு. எங்க வீட்ல மொத வருசம் முழுக்க மேகம் கறுத்தாலே "சிக்னல் இல்லை"ன்னு காட்டும், நானும் டிஷ்னா இப்டித்தான் போலன்னு விட்டுட்டேன். அப்புறம் வேற ஒரு வேலையா வந்த டெக்னீஷியன் சும்மா மீட்டர வச்சு பாத்துட்டு டிஷ்ஷ ஒரு நூல் அளவு திருப்புனாரு, அவ்ளோதான், செட்டாப் பாக்ஸ் மெனுல குவாலிட்டி கோடு 55ல இருந்து 80க்கு ஏறிடுச்சு. அன்னைலேந்து பேய் மழை பெய்ஞ்சா மட்டும் ஒரு பத்து நிமிசம் போகும், மழை விட்டதும் தானா வந்துடும். ஒரு வருசம் வீணா திட்டிருக்கேன் அந்த டிஷ்ஷ!

டிஜிட்டல்ல இது ஒரு சள்ளை. பழைய கேபிள் காலத்துல சிக்னல் கொறைஞ்சா படம் புள்ளி புள்ளியா ஆகும், நெழல் விழும், ஆனாலும் கத புரியும். இப்ப கடைசி வரைக்கும் கண்ணாடி மாதிரி இருந்துட்டு திடீர்னு கட்டம் கட்டமா ஒடஞ்சு நின்னுடும். அதனால படம் நல்லாத்தானே இருக்குன்னு நம்பிடாதீங்க, மாட்டுன அன்னைக்கே அந்த குவாலிட்டி கோட பாத்து ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க. பின்னாடி சண்ட போட உதவும்.

சரி, கேபிளுக்கு வருவோம். மழைல ஜெயிக்கிற கேபிள் கரன்ட்ல தோக்குது. கன்ட்ரோல் ரூம்லேந்து நம்ம வீடு வர்றதுக்குள்ள சிக்னல் இளைச்சு போகும், அதுக்காக வழில அங்கங்க ஆம்ப்ளிஃபயர் மாட்டிருப்பாங்க, அதுக்கெல்லாம் கரன்ட் வேணும். எங்க வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு, டிவி ஓடுது, பாக்ஸ் ஓடுது, ஆனா ரெண்டு தெரு தள்ளி இருக்க ஆம்ப்ளிஃபயருக்கு கரன்ட் இல்ல, அப்ப நம்ம இன்வெர்ட்டர வச்சு என்ன பண்றது, ஃபேன் கீழ உக்காந்து கறுப்பு திரைய பாக்கலாம். பேக்கப் பேட்டரி வச்சிருக்க ஆபரேட்டர்னா இந்த தொல்லை இல்ல, எங்களோடவர் வைக்கல. டிஷ்ல ஆறு வருசமும் இந்த பிரச்சனையே கெடையாது, ஊரே இருட்டுல இருந்தாலும் எங்க அம்மாவுக்கு ஒரு எபிசோட் மிஸ் ஆகாது, பக்கத்து வீட்டு ஆன்ட்டி எல்லாம் எங்க ஹால்லதான் இருப்பாங்க. ஃபைபர் வீடு வரைக்கும் இழுத்து குடுக்குற ஆபரேட்டர்கிட்ட நடுவுல ஆம்ப்ளிஃபயர் வேலை பெருசா இருக்காது, அந்த மாதிரி கெடச்சா கேபிளுக்கு என் மார்க் ஏறிடும்.

கேபிள்ல இன்னொரு எதிரி ஜாயின்ட். ஒயர் ஒட்டுற எடத்துல தண்ணி எறங்கி பச்சை புடிச்சு போகும், மழை விட்ட ரெண்டு நாள் கழிச்சு படம் ஒடையும், யாருக்கும் காரணம் புரியாது. அதே மாதிரி ஸ்ப்ளிட்டர், ஒரு லைன ரெண்டா பிரிச்சா ஒவ்வொரு பக்கத்துக்கும் பாதிக்கும் கொஞ்சம் கம்மியாதான் போய் சேரும். எங்க பழைய வீட்ல ஸ்ப்ளிட்டருக்கு பின்னாடி ஸ்ப்ளிட்டர், அதுக்கு பின்னாடி இன்னொண்ணு, கடைசி ரூம்ல இருக்க டிவிக்கு பாவம் மிச்சம்மீதிதான்.

ஆனாலும் ரெண்டு மூணு டிவி இருக்க வீட்டுக்கு கேபிள்தான் லேசு, பிரிச்சு மாட்டிட்டு டிவிக்கு ஒரு பாக்ஸ் வச்சா முடிஞ்சுது. டிஷ்ல அந்த மாதிரி சாதாரண ஸ்ப்ளிட்டர் போட்டு பிரிக்க முடியாது, நானே கடைல வாங்கி மாட்டி ஏமாந்தேன். என்னன்னா டிஷ் முன்னாடி மூக்கு மாதிரி நீட்டிட்டு இருக்குல்ல எல்என்பி, டிஷ்ல விழுற சிக்னல வாங்கி ஒயருக்குள்ள அனுப்புறது அதுதான், அதுக்கு நம்ம பாக்ஸ்தான் ஒயர் வழியா 13 வோல்ட்டோ 18 வோல்ட்டோ அனுப்பி நெட்டுக்க ஆடுற அலையா, குறுக்க ஆடுற அலையா, எத எடுக்கணும்னு சொல்லுது. ஹால் பாக்ஸ் 13 கேக்க பெட்ரூம் பாக்ஸ் 18 கேட்டா அது யாரு பேச்ச கேக்கும்? எங்க வீட்ல நான் நியூஸ் வச்சா தங்கச்சிக்கு பாட்டு சேனல் போயிடும், அவ வச்சா எனக்கு போயிடும், மூணு நாள் ஒருத்தர ஒருத்தர் சந்தேகப்பட்டோம். அப்புறம் ரெண்டு அவுட்புட் இருக்க எல்என்பி மாத்தி, தனி ஒயர் இழுத்துதான் தீந்துது.

படத்தோட தரம் பத்தி சண்ட போட இப்ப ஒண்ணும் இல்ல. டிஷ்னா பளிச், கேபிள்னா மங்கல்ங்கறது அனலாக் காலத்து பேச்சு. ரெண்டும் டிஜிட்டல் ஆனதுக்கு அப்புறம் ஆபரேட்டர் சேனல எவ்ளோ அமுக்கி (கம்ப்ரெஸ் பண்ணி) அனுப்புறார்ங்கறதுதான் விஷயம். டெமோ காட்ட வந்தா நியூஸ் வாசிக்கிறத பாத்துட்டு தலையாட்டாதீங்க, மேட்ச் வைக்க சொல்லுங்க, கேமரா வேகமா திரும்புறப்ப மைதானத்து புல்லு பச்சை பெயின்ட் பூசுன மாதிரி வழவழன்னு ஆச்சுன்னா அமுக்கி பிழிஞ்சிருக்காங்கன்னு அர்த்தம்.

ரெண்டுக்கும் பொதுவா ஒரு வேடிக்கை இருக்கு. வருசத்துல ரெண்டு தடவ, மார்ச், செப்டம்பர் பக்கத்துல, சூரியன் சரியா சாட்டிலைட்டுக்கு பின்னாடி வந்து நிக்கும், பகல்ல சில நிமிசம் சிக்னல சூரியனோட இரைச்சல் முழுங்கிடும், சில நாள் தொடர்ந்து இருக்கும். அப்ப கேபிள்காரருக்கும் அதே கதிதான், அவரு டிஷ்ஷும் அந்த வானத்தத்தானே பாக்குது. பாக்ஸ் போச்சுன்னு யாராச்சும் புதுசு விக்க வந்தா வாங்கிடாதீங்க.

சர்வீஸ்ல கேபிள் ஆளுதான் முன்னாடி. தெருவுலயே சுத்திட்டு இருப்பார், போன் எடுக்கலன்னா நேர்ல புடிச்சுடலாம், "தம்பி கொஞ்சம் பாத்துட்டு போப்பா"ன்னு அம்மா சொன்னா ஏணியோட வந்துடுவார். டிஷ் கம்பெனி கதை வேற (பேரு வேணாம்), மொழி தேர்வு செய்ய ஒண்ண அழுத்துங்கள்னு ஆரம்பிச்சு பாக்ஸ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு நாலு தடவ சொல்லி, ஆள் வர்றதுக்கு மூணு நாள், வந்தவர் கிட்ட ஏணி இல்லன்னு திரும்பி போனதும் நடந்துருக்கு. ஆனா ஆறு வருசத்துல நாலு தடவதான் கூப்ட்டுருக்கேன், கேபிள்காரர மாசத்துக்கு ஒரு தடவ கூப்ட்டுருக்கேன், அதையும் கணக்குல வைக்கணும்ல.

இன்டர்நெட்டும் சேத்து வேணும்னா யோசிக்காம கேபிள் பக்கம் போங்க, டிவிக்கு மாட்டுற டிஷ் சிக்னல வாங்க மட்டும்தான் செய்யும், திருப்பி அனுப்பாது. வீடு அடிக்கடி மாத்துறவங்களுக்கு டிஷ் நல்லது, கழட்டி எடுத்துட்டு போய் புது எடத்துல அதே சாட்டிலைட்ட பாத்து வச்சா போதும், ஆனா அந்த சாட்டிலைட் நிக்கிறது நிலநடுக்கோட்டுக்கு மேல, அதனால அந்த பக்கம் வானம் தொறந்து இருக்கணும், நடுவுல மரமோ பில்டிங்கோ வந்தா ஒண்ணும் பண்ண முடியாது. மரம் வளரும்ங்கறதையும் மறந்துடாதீங்க.

நான் சிக்கிக்கிட்டது அங்கதான். இப்ப இருக்க ஃப்ளாட்ல மாடிக்கு பூட்டு, பால்கனி வடக்க பாத்து இருக்கு, நமக்கு வேண்டிய சாட்டிலைட் எல்லாம் தெக்கால நிக்குது. வேற வழி இல்லாம கேபிள், மார்க் போட சொன்னா இதுக்கு அஞ்சுக்கு மூணு, பழைய டிஷ்ஷுக்கு நாலு. அந்த டிஷ் துணில சுத்தி பரண்ல இருக்கு, எடத்த அடைக்குதுன்னு வீட்ல தெனம் பாட்டு. நேத்து சாயங்காலம் கரன்ட் போய் முக்கியமான எபிசோட் பாதில நின்னுச்சு, அதுலேந்து அம்மா மட்டும் அத தூக்கி போட சொல்லல.