'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை': கேட்டவர்கள் ஏன் இரண்டு கட்சியானார்கள்

அமெரிக்க ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின் 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை' ஆல்பம் 2015 மார்ச் 15 இரவு, சொன்ன தேதிக்கு எட்டு நாள் முன்னதாகவே இணையத்தில் வந்து இறங்கியது. விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அமெரிக்க பில்போர்டு பட்டியலில் நேராக முதலிடம். மறு ஆண்டு கிராமியில் லமாருக்கு 11 பரிந்துரை, 5 விருது. ஆனால் கேட்டவர்கள் அன்றிலிருந்து இரண்டு கட்சிதான். 'இது ஜாஸ், இது கலை, இதற்கு மேல் ராப்பில் எதுவும் கிடையாது' என்பது ஒன்று. 'தலைவலி, பீட் எங்கே?' என்பது இன்னொன்று. இரண்டு கட்சியும் சறுக்குவது ஒரே இடத்தில். ஆல்பத்தில் ஜாஸ் எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதை இருவரும் தவறாக அளக்கிறார்கள்.

கணக்குப் பார்த்துவிடலாம். 16 பாடல்கள், 78 நிமிடம் 51 விநாடி. ஒரு சிடியில் அடங்கும் நேரத்தைக் கிட்டத்தட்ட விளிம்புவரை நிரப்பிவிட்டார்கள். இதில் எவரும் மறுக்க முடியாத ஜாஸ் என்றால் இரண்டாவதாக வரும் 'ஃபார் ஃப்ரீ?' தான். 2 நிமிடம் 10 விநாடி. ராபர்ட் கிளாஸ்பரின் பியானோ, நிற்காமல் நடக்கும் பேஸ், ஸ்விங் நடை. ஸ்விங் என்பது தாளத்தின் ஒரு தட்டைச் சரிபாதியாகப் பிரிக்காமல் நெடிலும் குறிலுமாகப் பிரித்து நடப்பது. லமார் அதன்மேல் ஒரு கொம்பு வாத்தியம் மாதிரி பேசிக்கொண்டே ஓடுகிறார். வேறு இடங்களில் ஜாஸ் துண்டு துண்டாக வருகிறது: 'யூ' பாடலில் அழும் சாக்ஸபோன், 'ஃபார் சேல்?' முழுக்க மிதக்கும் சுரக்கூட்டுகள், 'தி பிளாக்கர் தி பெர்ரி' அடித்து ஓய்ந்தபின் வரும் மெதுவான வாத்தியப் பகுதி, கடைசிப் பாடலில் பேச்சுக்குப் பின்னால் பொங்கி அடங்கும் குழு.

மீதி பெரும்பாலும் ஃபங்க், அதாவது பேஸும் தாளமும் முன்னால் நிற்கும் அமெரிக்கக் கறுப்பின நடன இசை. முதல் பாடலிலேயே பார்லமெண்ட்-ஃபங்கடெலிக் குழுவின் ஜார்ஜ் கிளிண்டன் வந்து வாசலில் நிற்கிறார். 'கிங் குண்டா'வின் பேஸ் கலிஃபோர்னியா தெருக்களின் நேரடி வாரிசு. 'ஆல்ரைட்' இசைத் தயாரிப்பாளர் ஃபரெல் வில்லியம்ஸின் கை பட்ட, 2015இன் சாதாரண ராப் டிரம்ஸ்தான். 'ஹூட் பாலிட்டிக்ஸ்' அமெரிக்கப் பாடகர் சுஃப்யான் ஸ்டீவன்ஸின் பாடலிலிருந்து எடுத்த துணுக்கில் நிற்கிறது. ஜாஸுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆகவே 'ஜாஸ் எனக்குப் புரியாது' என்று ஒதுங்கியவர்கள், வெளியே கொஞ்சமே தெரியும் ஒன்றுக்குப் பயந்து ஓடியிருக்கிறார்கள்.

ஓடிய இடத்தைக்கூடச் சரியாகச் சொல்லலாம். முதல் பாடல் 4:47, இரண்டாவது 2:10. ஏழாவது நிமிடம் முடியும் முன்பே, கோரஸ் இல்லாத, கைதட்ட இடம் தராத, மூச்சுவிடாத ஒரு ஜாஸ் துண்டு முகத்தில் அறைகிறது. மூன்றாவதாகக் காத்திருப்பது 'கிங் குண்டா', ஆல்பத்திலேயே எளிதாகத் தலையாட்ட வைக்கும் பாட்டு. அதற்கு முன்பே கதவைச் சாத்திக்கொண்டு போனவர்கள் ஏராளம்.

உண்மையில் ஜாஸ் வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாத இடத்தில்: தாளத்திலும் இசைக்கோப்பிலும். சாக்ஸபோன் வாசிக்கும் கமாசி வாஷிங்டன், டெரஸ் மார்ட்டின், ஆறு தந்தி பேஸ் வாசிக்கும் தண்டர்கேட், கிளாஸ்பர் ஆகியோர் இங்கே வந்துபோன விருந்தாளிகள் இல்லை. பாட்டின் எலும்பே அவர்கள்தான். வழக்கமான ராப் பாட்டில் நான்கு தாள ஆவர்த்தனம் கொண்ட ஒரு சுற்றை வெட்டி, அதையே கடைசிவரை ஓட்டுவார்கள். இங்கே ஒரே சுற்று திரும்பும்போது பேஸ் வேறு வழியில் இறங்கும், பின்னணிக் குரல் ஒன்று கூடும், பாதியில் நடையே மாறும். 'மாமா' பாடலில் டிரம்ஸ் தட்டுக்கு மயிரிழை பின்தங்கி, சற்றே போதையேறிய நடை நடக்கும். அது பிழையல்ல. ஆனால் காது அதற்குப் பழகாவிட்டால் 'ஏதோ சரியில்லை' என்றுதான் தோன்றும். 'பீட் இல்லை' என்ற புகார் பிறப்பது இங்கேதான். பீட் இருக்கிறது, ஆணியடித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது புகார் 'கதை புரியவில்லை' என்பது. சொல்பவர்கள், லமாரின் முந்தைய ஆல்பமான 2012இன் 'குட் கிட், மேட் சிட்டி'யை எதிர்பார்த்து வந்தவர்கள். அது ஒரே நாளில் நடக்கும் கதை. கேட்டுக்கொண்டே போனால் தானாகப் புரிந்தது. இதில் கதைக்குப் பதில் ஒரு கவிதை இருக்கிறது. 'கிங் குண்டா' முடியும்போது அதன் முதல் வரி வருகிறது. பிறகு அங்கங்கே, முன்பு சொன்னதைத் திரும்பச் சொல்லி மேலும் ஓரிரு வரி நீள்கிறது. ஓட்டல் அறையில் கத்தினேன் என்று கவிதை நிற்கும் இடத்தில் 'யூ' தொடங்கி, அந்தக் கத்தலையே நமக்குக் கேட்கத் தருகிறது. கடைசிப் பாடலில்தான் கவிதை முழுதாகிறது. அதை லமார் யாருக்குப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தார் என்பதும் அப்போதுதான் தெரிகிறது. அந்தாதி மாதிரி ஒரு கட்டு இது. நடுவில் ஒரு கண்ணியை உருவினால் அடுத்த பாட்டின் தொடக்கம் அந்தரத்தில் தொங்கும்.

அதனால் ஷஃபிளில், அதாவது பாட்டுகளின் வரிசையைக் கலைத்துப் போட்டுக் கேட்டவர்களின் தீர்ப்பைக் கணக்கில் எடுக்க முடியாது. ஷஃபிளை நிறுத்துங்கள். கிராஸ்ஃபேட் என்ற வசதி இருந்தால் அதையும் நிறுத்துங்கள். ஒரு பாட்டின் வாலும் அடுத்ததன் தலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கவிதை வரிகள் சரியாக அந்த இடத்தில்தான் அடிபடும். இடைவெளி இல்லாமல் ஓட்டும் வசதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கெட்ட வார்த்தை நீக்கிய பதிப்பு வேண்டாம். ஒழுக்கம் பற்றிய பேச்சில்லை இது: வார்த்தையை மௌனமாக்கும்போது அதன் தட்டும் சேர்ந்தே போய்விடுகிறது, லமாரின் தாளக்கட்டில் ஓட்டை விழுகிறது. 'ஃபார் ஃப்ரீ?' அந்தப் பதிப்பில் பல் விழுந்த சீப்பு.

கருவி விஷயத்தில் ஒன்றே ஒன்று. பேஸ் கிட்டாரின் வழக்கமான கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கிறது. கைபேசியின் சின்ன ஸ்பீக்கர் அந்தப் பக்கமே போகாது. மேல் ஒலிகளை வைத்து மூளை பேஸை ஓரளவு ஊகித்துக்கொள்ளும், ஆனால் உடம்பில் விழ வேண்டிய அடி விழாது. இந்த ஆல்பத்தில் பாட்டைச் சுமப்பதே பேஸ் என்பதால், கைபேசியில் கேட்டால் மேலே கூடியிருக்கும் குரல்களின் நெரிசல் மட்டுமே மிஞ்சும். 'ஒரே இரைச்சல்' என்ற விமர்சனத்தில் பாதி, ஸ்பீக்கர் எழுதியது. சுமாரான இயர்ஃபோன் போதும். வினைல் வாங்க நினைப்பவர்களுக்கு: இரண்டு இசைத்தட்டு, நான்கு பக்கம், மூன்று முறை எழுந்து புரட்ட வேண்டும். அட்டைப்படம் பெரிதாகக் கிடைக்கும் என்பதைத் தவிர முதல்முறை கேட்பவருக்கு அதில் லாபம் இல்லை.

79 நிமிடத்தை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மூன்றாகப் பிரிக்க இயல்பான இடங்கள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து ஏழு வரை, 'ஆல்ரைட்' முடிய 28½ நிமிடம்: புகழ், பணம், அதன் சரிவு, எழுந்து நிற்பது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 23 நிமிடம்: சபலமும் ஊர் திரும்புதலும். பதின்மூன்றிலிருந்து கடைசி வரை 27 நிமிடம்: கோபமும் அதன் பதிலும். முதல் சுற்றில் வரிகளைத் தேடிப் படிக்க வேண்டாம். விளக்கக் குறிப்பைத் திறந்து வைத்துக் கேட்டால் கண் வேலை செய்யும், காது தூங்கிவிடும். இரண்டாம் சுற்றில் படியுங்கள். அப்போது 'வெஸ்லிஸ் தியரி' என்ற முதல் பாடலின் தலைப்பு, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யாமல் சிறைக்குப் போன நடிகர் வெஸ்லி ஸ்னைப்ஸைச் சுட்டுகிறது என்பது உதவும். 'லூசி' என்று வருபவள் லூசிஃபர் என்பது இன்னும் உதவும்.

'யூ', 'ஆல்ரைட்' இரண்டையும் பிரிக்கவே கூடாது. முன்னதில் தன்னைத்தானே திட்டிக் கத்தும் குரல், பாதிக்கு மேல் குடித்து உடைந்த குரலாகிறது. மதுக்குப்பி மோதும் சத்தம், விக்கல், பின்னால் சாக்ஸபோன். பல கேட்பவர்கள் இதைத் தாண்டிக் குதிக்கிறார்கள். கேட்கச் சங்கடமாக இருக்கிறது என்பது நியாயமே, சங்கடப்படுத்தத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் இதைத் தாண்டிவிட்டு 'ஆல்ரைட்' கேட்டால் அது வெறும் உற்சாகப் பாட்டாகச் சுருங்கிவிடும். 2015இல் காவல்துறை வன்முறைக்கு எதிராகத் திரண்ட அமெரிக்கக் கறுப்பின மக்கள் அதன் கோரஸை முழக்கமாக்கியது உற்சாகத்துக்காக அல்ல.

ஜாஸ் தெரிந்தவர்களின் குறை வேறு மாதிரி: வாத்தியக்காரர்களுக்கு இடமே தரவில்லை, தனி வாசிப்பு இல்லை, இவ்வளவு பெரிய கைகளை வைத்துக்கொண்டு ஊறுகாயாகத் தொட்டுக்கொள்கிறார். இதில் பாதிதான் சரி. ராப்பில் தனி வாசிப்புக்கு உரியது குரல். லமார் ஒரே பாட்டில் நான்கைந்து குரல் மாற்றுவதும், தட்டுக்கு முன்னும் பின்னும் போய் வருவதும்தான் இங்கே மனோதர்மம். இருந்தாலும் 'காம்ப்ளெக்ஷன்' மாதிரி இடங்களில் குழு சூடு பிடிக்கும்போது பாட்டு முடிந்துவிடுகிறது என்பதை மறுக்க முடியாது.

ஆல்பத்தின் குறைகள் என்று பார்த்தால், 'தீஸ் வால்ஸ்' முதலில் நிற்கும். இசையாக மிக வழுவழுப்பான பாட்டு. கட்டுமானம் அபாரம்: 'சுவர்' என்ற ஒரே சொல் பெண்ணுடலாகவும் சிறைச் சுவராகவும் மாறுகிறது, கடைசியில் அது ஒரு பழிவாங்கல் என்று தெரிகிறது. ஆனால் அந்தப் பெண் இரண்டு ஆண்களுக்கு நடுவில் எறியப்படும் கல். சபலத்துக்கும் பெண் பெயர், ஆல்பம் முழுக்க. பெண் ராப் பாடகர் ராப்சடி 'காம்ப்ளெக்ஷன்' பாட்டில் வந்து நிறம் பற்றிப் பேசும் சிறு பகுதியில் கிடைக்கும் காற்றோட்டம், மற்ற இடங்களில் ஏன் இவ்வளவு புழுக்கம் என்று கேட்க வைக்கிறது.

'ஹவ் மச் எ டாலர் காஸ்ட்' கதை சொல்லலில் உச்சம். தென்னாப்பிரிக்காவில் ஒரு பெட்ரோல் பங்க், பத்து ராண்ட் கேட்கும் ஒருவர், கொடுக்க மனமில்லாத ஒரு பணக்காரப் பாடகன். முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்பவர்கள் உண்டு. தெரிந்தும் அந்தப் பியானோ தேய்ந்து தேய்ந்து நெருங்குவது நடுங்கவைக்கிறது. 2015இல் ஒபாமா தனக்குப் பிடித்த பாட்டாகச் சொன்னது இதைத்தான்.

'தி பிளாக்கர் தி பெர்ரி'யின் கடைசி வரி ஆல்பம் வருவதற்கு முன்பே சண்டை கிளப்பியது. 2012இல் சுட்டுக் கொல்லப்பட்ட கறுப்பினச் சிறுவன் ட்ரேவான் மார்ட்டினுக்காக அழுத நான், என்னைப் போன்ற கறுப்பனையே கொல்லும் கும்பல் சண்டையில் இருந்தேனே என்று தன்னை வேடதாரி என்கிறார். அரசும் சமூகமும் செய்ததற்குப் பாதிக்கப்பட்டவர்கள் மேல் லமார் பழி போடுகிறார் என்றார்கள் எதிர்த்தவர்கள். தனிப்பாட்டாகக் கேட்டால் அந்த வாதத்துக்குப் பதில் சொல்வது கடினம். 'யூ'வுக்குப் பிறகு வரும் பாட்டாகக் கேட்டால் பேசுவது குற்றவுணர்வு கொண்ட ஒரு மனிதன், சமூகத்துக்குத் தீர்ப்பு எழுதும் நீதிபதி இல்லை என்பது தெரிகிறது.

'ஐ' விஷயத்தில் ரசிகர்கள் ஏமாந்தது உண்மை. 2014இல் தனிப்பாட்டாக வந்து இரண்டு கிராமி வாங்கிய துள்ளல் வடிவம் இதில் இல்லை. மேடையில் பாடுவது போன்ற கரடுமுரடான வடிவம், நடுவில் கூட்டத்தில் அடிதடி, பாட்டு நின்று பேச்சு. பாட்டாக முந்தையதே மேல். ஆல்பத்தில் உட்காருவது இதுதான்.

கடைசியில் 12 நிமிடம் 7 விநாடி ஓடும் 'மார்ட்டல் மேன்'. பாதிக்கு மேல் உரையாடல். 1996இல் இறந்துபோன ராப் பாடகர் டூபாக்கின் 1994ஆம் ஆண்டுப் பேட்டியை வெட்டி, லமாரின் கேள்விகளுக்குப் பதில்போலக் கோத்திருக்கிறார்கள். முதல்முறை கேட்கும்போது முதுகுத்தண்டு சில்லிடும். பத்தாவது முறை அங்கே வந்ததும் பெரும்பாலோர் நிறுத்திவிடுவார்கள், அதில் தப்பில்லை. 'மதிக்கிறோம், ஆனால் போட்டுக் கேட்பதில்லை' என்று இந்த ஆல்பம் பற்றிச் சொல்பவர்களின் மிக நேர்மையான சான்று இந்த ஏழு நிமிடப் பேச்சுதான்.

ஜாஸ் போதவில்லை என்று இன்னும் முணுமுணுப்பவர்கள், இதே வேலையில் மிஞ்சிய துண்டுகளாக 2016 மார்ச்சில் வந்த 'அன்டைட்டில்ட் அன்மாஸ்டர்ட்' எடுத்துக்கொள்ளலாம். எட்டுப் பாட்டு, 34 நிமிடம், மெருகு குறைவு, வாத்தியங்களுக்கு மூச்சுவிட இடம் அதிகம். அதுவும் போதாது என்றால் கமாசி வாஷிங்டனின் 'தி எபிக்', 2015 மே, ஏறக்குறைய மூன்று மணி நேரம். அதில் ராப் கிடையாது. 'பீட் எங்கே' என்று கேட்டவர்கள் மட்டும் அந்தப் பக்கம் போக வேண்டாம். 'கிங் குண்டா'விலிருந்து திரும்பத் தொடங்குங்கள், இரண்டாவது பாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.