பழைய கட்டடச் சாமான்களில் ஒரு கொட்டகை: எது தேறியது, எது தேறவில்லை

வீட்டின் பின்புறம் கொட்டகை போடுவதற்கு முதலில் தாளில் படம் வரைந்தேன். 12 அடிக்கு 8 அடி. அந்தப் படத்தோடு, இடித்த வீடுகளின் சாமான்களை விற்கும் கடைக்குப் போனேன். 12 அடி நீளத்தில் அங்கே ஒரு சட்டம்கூட இல்லை. பத்தடி, ஒன்பதேகால், எட்டரை என்று ஆளுக்கொரு உயரத்தில் சுவரில் சாய்ந்து நின்றன. "அக்கா, மரத்தை மாற்ற முடியாது, படத்தை மாற்றலாம்" என்றான் தம்பி. அன்றே மாற்றினோம். பழைய சாமானில் கட்ட நினைப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதுதான்: சாமானை வாங்கி அடுக்கிய பிறகு அளவு குறியுங்கள். எனக்குக் கிடைத்த தகரம் எட்டடி நீளம். ஒன்றின்மேல் ஒன்று ஏறும் விளிம்பு போக ஒவ்வொன்றும் இரண்டடி அகலத்தை மூடியது. ஐந்து தகரம், ஆக நீளம் 10 அடி. முன்னும் பின்னும் சிறிது நீட்டிவிட, ஆழம் 7 அடி. கொட்டகையின் அளவைத் தீர்மானித்தது அந்தத் தகரம்தான்.

வாங்கியதில் மிகச் சிறந்தது மரம். தயக்கமே இல்லாமல் சொல்வேன். புது மரம் காய்ந்து முறுக்கிக்கொள்ள வேண்டியதையெல்லாம் பழைய மரம் என்றோ செய்து முடித்துவிட்டது. இன்று நேராக இருப்பது நாளையும் நேராக இருக்கும். ஆனால் உத்தரத்தின் நடுப்பகுதியைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். சுவருக்குள் புதைந்திருந்த முனைகளில்தான் ஈரம் தங்கி உளுத்திருக்கும். திருப்புளியால் குத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அந்தப் பகுதி போனதுதான். சுத்தியலால் தட்டும்போது பொத்தென்று கேட்டால் உள்ளே கரையான் குடைந்திருக்கலாம். குண்டூசித் தலை அளவில் துளைகளும் அவற்றின் கீழே மாவுபோன்ற தூளும் தெரிந்தால் வண்டு இன்னும் வேலை செய்கிறது என்று கொள்ளுங்கள். அதை வீட்டுக்கே கொண்டுவராதீர்கள். நான் வாங்கிய 11 சட்டங்களில் இரண்டில் முனையிலிருந்து ஒன்றரை அடி அறுத்துத் தள்ள நேர்ந்தது. அறுத்தது போக மிஞ்சும் நீளத்துக்குத்தான் விலை பேச வேண்டும்.

ஆணி பிடுங்குவதற்கு மட்டும் நான்கு நாள் பிடித்தது. துருப்பிடித்த ஆணியை எடுத்த எடுப்பில் இழுத்தால் தலை மட்டும் கையோடு வரும். முதலில் சுத்தியலால் ஒருமுறை உள்நோக்கித் தட்டினால், துரு பிடித்திருந்த பிடி விடும். பிறகு கடப்பாரை நுனியின் கீழ் ஒரு மரத்துண்டை அண்டை கொடுத்து நெம்பினால் நீண்ட முனகலோடு முழுதாக வரும். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தலை முறிந்த ஆணிகளைக் காந்தத்தால் தேடிப் பிடித்தோம். ஒன்றை விட்டுவிட்டோம், ரம்பத்தின் ஆறு பற்கள் போயின.

செங்கல் 400 வாங்கி 340 தேறியது. ஒரு முழ உயரத்துக்கும் குறைவான அடிச்சுவருக்கு அது போதுமானதாக இருந்தது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டியிருந்த கற்கள் கொத்துக்கரண்டி பட்டதும் சுத்தமாக வந்தன. சிமென்ட் பிடித்தவை கலவையோடு சேர்ந்து உடைந்தன. இரண்டு கல்லை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும், அவ்வளவுதான் சோதனை.

கூரைக்கு மலிவாக ஆஸ்பெஸ்டாஸ் ஓடு தருவதாகக் கடைக்காரர் சொன்னார். வேண்டாம் என்றேன்; நீங்களும் அதையே சொல்லுங்கள். அறுக்கும்போதும் துளையிடும்போதும் பறக்கும் அதன் நார், நுரையீரல் புற்றுநோயைத் தரக்கூடியது. மலிவுக்காக அதைத் தொடுவது நியாயமே இல்லை. பழைய பெயின்ட்டிலும் இதே கவனம் வேண்டும். அதில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்வாக உப்புத்தாள் போடாமல், நனைத்துச் சுரண்டி, கீழே விரித்த பிளாஸ்டிக் தாளோடு சுருட்டி அப்புறப்படுத்தினோம். முகக்கவசம் அணிந்தோம். குழந்தைகளை அந்தப் பக்கமே விடவில்லை.

தகரத்துக்கு நான் பாதி மதிப்பெண்தான் தருவேன். பழைய ஆணித்துளைகள் எங்கள் கைமரங்களோடு பொருந்தவில்லை. புதுத் திருகுகளை ரப்பர் வாஷரோடு மேட்டில் அடித்தோம். நீர் ஓடும் பள்ளத்தில் இருந்த பழைய துளைகளைத் தார்ப்பசையால் அடைத்தோம். முதல் மழையில் இரண்டு இடத்தில் சொட்டியது. மறுமுறை கட்டினால் கூரைத் தகரத்தையும் திருகுகளையும் புதிதாகவே வாங்குவேன்.

கதவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. அழுக்கைக் கழுவியபோது, சட்டங்கள் சேரும் மூட்டில் இரண்டு பக்கமும் உளியால் கீறிய மூன்று கோடுகள் தெரிந்தன. எந்தக் கழுந்து (துளைக்குள் செருகும் முனை) எந்தத் துளைக்கு என்று மாறிப்போகாமலிருக்க ஏதோ ஒரு தச்சர் போட்ட அடையாளம். மூட்டில் ஓர் இரும்பு ஆணிகூட இல்லை, மரமுளைதான். தம்பி கதவை இழைப்புளியால் சீவ எடுத்தான். அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். எண்ணெய் பூசிய கதவில் அந்த மூன்று கோடுகளும் இப்போது கறுப்பாகத் தெரிகின்றன.