ஜிப்சம் பலகைச் சுவரில் டவல் ஹீட்டர் மாட்டப்போகிறவர்கள் தயவுசெய்து படிக்கவும்

குளியலறைச் சுவரில் நான்கு ஓட்டைகள் வாயைப் பிளந்துகொண்டிருக்க, அவற்றைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். நேற்று முன்தினம் இரவு, மாட்டிய பதினோராவது நாளில், டவல் ஹீட்டர் (சூடான கம்பிகளில் துண்டைக் காயவைக்கும் மின்கருவி) சுவரைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. விழுந்த வேகத்தில் தரை டைலும் விரிசல் விட்டுவிட்டது. பொருளுக்கும் கூலிக்குமாக நான் கொடுத்தது அரை மாதச் சம்பளம்.

வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியில் "சரிபார்க்கப்பட்ட நிபுணர்" என்ற முத்திரையை நம்பித்தான் பதிவு செய்தேன். வந்தவர், மருத்துவர் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பதுபோல, விரல் முட்டியால் சுவரை இரண்டு இடங்களில் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். "இது ஜிப்சம் பலகை, உள்ளே வெற்றிடம்தானே, தாங்குமா?" என்று நானே கேட்டேன். "கவலையே வேண்டாம் சார், ஆளே தொங்கலாம்" என்று சொல்லி, மாட்டி முடித்ததும் கம்பியை ஒருமுறை பலமாகக் கீழே இழுத்தும் காட்டினார். அந்த ஓர் இழுப்பில் நான் விழுந்துவிட்டேன். முழுத் தொகையையும் அங்கேயே செலுத்தியதோடு ஐந்து நட்சத்திரமும் கொடுத்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஸ்குரூவைப் பிடிப்பதற்காகச் செங்கல் சுவர் ஓட்டைக்குள் போடும் சாதாரண பிளாஸ்டிக் பிளக்கைச் செருகியிருக்கிறார். அது விரிந்து பிடிக்கச் சுற்றிலும் கெட்டியான சுவர் இருக்க வேண்டும். இரண்டு காகிதத் தாள்களுக்கு நடுவே ஜிப்சம் இறுகிய 12.5 மில்லிமீட்டர் பலகையில், அது விரிய விரியப் பலகைதான் பொடியாகிறது. போதாததற்கு, கம்பிகள் சுவரைவிட்டு விலகி நிற்பதால், ஈரத் துண்டுகளின் எடை கீழே இழுப்பதோடு நிற்காமல் மேல் ஸ்குரூக்களை வெளிப்பக்கமாக நெம்பவும் செய்கிறது. ஒரு காந்தத்தைச் சுவரில் நகர்த்திப் பார்த்தேன். பலகையை அதன் பின்னால் தாங்கி நிற்கும் உள்சட்டத்தில் முடுக்கிய ஸ்குரூத் தலைகளில் அது வரிசையாக ஒட்டியது. அந்தச் சட்டம் இருந்தது அவர் போட்ட ஓட்டைக்கு நான்கு விரல் தள்ளி!

செயலியில் புகார் செய்தால், "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்ற ஒரே வரியை மூன்று பேர் மூன்று பெயர்களில் அனுப்பினார்கள். படம் கேட்டார்கள், அனுப்பினேன். மாட்டியதற்கான உத்தரவாதம் ஏழு நாள்தான் என்று கூறி, புகாரைத் "தீர்க்கப்பட்டது" என மூடிவிட்டார்கள். பொருளை விற்ற கடையோ, மாட்டியவரைக் கேளுங்கள் என்றது. கடைசியில் அந்த நிபுணரே தொலைபேசியில், "ஈரத் துண்டு நிறையப் போட்டீங்களா சார்?" என்று கேட்டார். டவல் ஹீட்டரில் ஈரத் துண்டைப் போடாமல் வேறு எதைப் போடுவதாம்? அரை மாதச் சம்பளத்துக்கு எனக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான்.

சரியாக மாட்டும் முறையை விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் கை ஓடவில்லை. டிரில் வைப்பதற்கு முன்பே எந்த பிளக், எந்த ஸ்குரூ என்று கையில் வாங்கிப் பாருங்கள். முதலில் உள்சட்டத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிடிமானங்கள் சட்டத்தின்மேல் அமையாவிட்டால், பலகையை வெட்டி, இரு சட்டங்களுக்கும் இடையே குறுக்குக் கட்டையோ தடித்த பிளைவுட்டோ வைத்து முடுக்கிய பிறகே மூட வேண்டும். அதற்கும் வழியில்லை என்றால், பலகையின் பின்புறம் விரிந்து பிடிக்கும் உலோக ஆங்கர், அதுவும் எடையளவு குறிப்பிட்டது மட்டும். சுவருக்குள் வயர் ஓடுகிறதா என்று பாருங்கள். பணத்தில் பாதியையாவது நிறுத்தி வையுங்கள்.

பிய்ந்து தொங்கும் வயருக்கான இணைப்பைத் துண்டித்து வைத்திருக்கிறேன். அதைச் சரிசெய்ய நாளை வரும் எலெக்ட்ரீஷியனின் கூலி, அந்த அரை மாதச் சம்பளத்தில் சேராது.