400 ரூபாய்க்கு உளவு கிளாஸ், போலாமா?

மயிலாப்பூர்ல ஒரு மாடி ஹால்ல நடக்குற மூணு மணி நேர கிளாஸ், ஃப்ரெண்டு இழுத்துட்டுப் போனான், தீவிரவாதம் வந்தப்புறம் போரும் உளவும் எப்படி மாறுச்சுன்னு டாபிக், நான் தூங்கிருவேன்னுதான் நெனச்சேன். தூங்கல.

எடுத்தவர் ரிட்டயர்டு ஆபீசர். ஆரம்பமே நம்ம மீனம்பாக்கம், 1984 ஆகஸ்ட்ல ஏர்போர்ட்ல பெட்டி வெடிச்சு 30 பேருக்கு மேல போயிட்டாங்க. அப்புறம் 1991 ஸ்ரீபெரும்புதூர், ராஜீவ் காந்தி கொலை. குண்டுல செத்துப்போன போட்டோகிராபரோட கேமரா மட்டும் உருப்படியா கெடச்சு, அந்த ஃபிலிமக் கழுவிப் பாத்துத்தான் கேஸே நகர்ந்துச்சு. இத சொல்றப்ப ஹால்ல ஒருத்தரும் போனத் தொடல.

மெயின் மேட்டர் 2008 மும்பைதான். 10 பேரு கராச்சிலேர்ந்து கடல்ல வந்து நடுவுல மீன்பிடி படகக் கடத்தி ஜிபிஎஸ் பாத்து கரை சேர்றான், அங்க ஒக்காந்து டிவி லைவ் பாக்குறவன் இன்டர்நெட் கால்ல அடுத்து என்ன பண்ணணும்னு சொல்லிட்டே இருக்கான், யோசிச்சா பகீர்ங்குது. அதுக்கப்புறம்தான் தீவிரவாத கேஸ விசாரிக்கிற என்ஐஏவே வந்துச்சு, என்எஸ்ஜி கமாண்டோ படைக்கு சென்னையிலயும் ஒரு ஹப் போட்டாங்க. ஆனா பின்லேடன் வீட்ல போனும் இல்ல நெட்டும் இல்ல, தகவல் கொண்டுபோற ஆளத் தொடர்ந்துதான் 2010ல எடத்தயே புடிச்சாங்க. சேட்டிலைட்டெல்லாம் வச்சிருந்தும் கடைசில பழைய வேலைதான்!

ட்ரோன் பத்தி பத்தே நிமிஷம், சர்ருன்னு ஓட்டிட்டாரு, கடுப்பு. ஏசி பேருக்குத்தான் இருக்கு, ப்ரொஜெக்டர் ரெண்டு தடவ புட்டுக்கிச்சு, பைக்க தெருவுலதான் விடணும். இடைவேளைல குடுத்த காபி மட்டும் டிகாஷன் தூக்கலா செம. நாலு ஸ்டார், அடுத்த வாரம் சைபராம், தம்பியக் கூட்டிட்டுப் போறேன்.