‘டென்ஷன்’ என்று சொல்லி நிறுத்தாமல் இருக்க: ஹவ் வீ ஃபீல் செயலி

ஹவ் வீ ஃபீல், நம் உணர்ச்சிகளை அவ்வப்போது பதிந்துவைக்க உதவும் கைபேசிச் செயலி. பதிவைத் தொடங்கியதும் நான்கு வண்ணங்கள் வருகின்றன. சிவப்பு: உடம்பில் வேகம், மனசுக்கு ஒவ்வாத நிலை. மஞ்சள்: உற்சாகம். நீலம்: சோர்வும் துயரமும். பச்சை: அமைதி. ஒன்றைத் தொட்டால் உணர்ச்சிச் சொற்கள் குமிழ்களாக விரியும். மொத்தம் 144, ஒவ்வொன்றுக்கும் சிறு விளக்கம் உண்டு. யேல் பல்கலைக்கழக உளவியலாளர் மார்க் பிராக்கெட்டின் ஆய்வை அடிப்படையாகக் கொண்டது. இலவசம், விளம்பரமும் இல்லை.

இதன் அருமை சிவப்புக்குள்தான் தெரியும். நாம் ‘ஒரே டென்ஷன்’ என்று முடித்துவிடுவதை அது பிரித்துப் பார்க்க வைக்கிறது. என்ன ஆகுமோ என்று தெரியாததால் வருவது பதற்றம். இதில் சறுக்கினால் போச்சு என்பதால் வருவது நெருக்கடி. வேலை மலையாகக் குவிந்து, நேரமும் ஆளும் போதாதபோது வருவது அழுத்தம். மூன்றிலும் நெஞ்சு படபடக்கும்; மருந்துதான் வேறு. ஸ்கேன் ரிப்போர்ட் எப்போது வரும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாலே பதற்றம் பாதி அடங்கும். அழுத்தத்துக்கு அது போதாது. பத்து வேலையில் இரண்டையாவது தள்ளிப்போடவோ பிறரிடம் கொடுக்கவோ வேண்டும். அதைச் செய்யாமல் மூச்சுப் பயிற்சி மட்டும் செய்தால், நாற்காலியில் திரும்ப உட்கார்ந்ததும் அது மறுபடி ஏறும்.

பெயரிடுவதே கொஞ்சம் தணிக்கும். 2007-ல் மேத்யூ லீபர்மேன் குழுவின் மூளை ஸ்கேன் ஆய்வில், படத்தில் உள்ள முகத்தின் உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது அமிக்டலாவின் (பயம் போன்ற உணர்ச்சிகளில் தூண்டப்படும் மூளைப் பகுதி) செயல்பாடு குறைந்தது.

பெரிய குறை, சொற்கள் தமிழில் இல்லாதது. ஆற்றாமை, மனத்தாங்கல், அங்கலாய்ப்பு போன்றவற்றுக்கு அங்கே சரியான குமிழ் கிடைக்காது. கிட்டத்தட்டப் பொருந்துவதைத் தேர்ந்து, குறிப்புப் பகுதியில் தமிழ்ச் சொல்லை எழுதுங்கள்.

பலர் கோபம் வந்தால் மட்டும் பதிகிறார்கள். வரைபடம் முழுக்கச் சிவப்பாகி, வாழ்க்கையே அப்படித்தான் என்று தோன்றிவிடும். காலை, மதியம், இரவு என மூன்று நினைவூட்டல் வைத்து, எங்கே, யாருடன், என்ன வேலை என்பதையும் குறியுங்கள். இவை இல்லாத பதிவு வெறும் நாட்குறிப்பு. இரண்டு வாரம் சேர்ந்த பிறகு பாருங்கள்: சிவப்பு ஒரே ஆளையோ ஒரே நேரத்தையோ சுற்றி வரலாம்.

செயலியில் உள்ள பயிற்சிக் குறுங்காணொளிகளில் நிறத்துக்கு ஏற்றதை எடுங்கள். சிவப்புக்கு வெளிமூச்சை நீட்டுவது. நீலத்துக்கு எழுந்து நடப்பது. நீலத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தால் சிலருக்குச் சோர்வு கூடும்.

இது சிகிச்சை அல்ல. வாரக்கணக்கில் நீலமே நீடித்தால், தூக்கமும் பசியும் போனால், 14416-ஐ அழையுங்கள்: இந்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 24 மணி நேரமும், தமிழிலும், கட்டணமின்றி.