ஆட்டம் யாரிடம் இருக்க வேண்டும்? சிறு குழுவின் இணைய விளையாட்டுக்கு மூன்று வழிகள்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு நானும் என் நண்பரும் ஆடுபுலி ஆட்டத்தையும் தாயத்தையும் கைபேசியில் இருவர் இணைந்து ஆடும்படி உருவாக்கி வருகிறோம். படம் வரைவது, நிரல் எழுதுவது, பிழை திருத்துவது எல்லாம் எங்கள் இருவர் கையில்தான். முதலீடு என்று சொல்லத்தக்க பணம் கிடையாது. இப்படிப்பட்ட குழு தொடக்கத்திலேயே எடுக்க வேண்டிய முடிவு ஒன்று உண்டு. எந்தக் காய் எங்கே நிற்கிறது, அடுத்து யாருடைய முறை என்கிற ஆட்டத்தின் நிலை யாரிடம் இருக்கப் போகிறது? எந்நேரமும் ஓடும் பொதுக் கணினியான சர்வரிடம் ஒப்படைக்கலாம்; ஆடுபவர்களில் ஒருவரின் கைபேசியையே சர்வராக்கலாம்; அல்லது அஞ்சல்வழிச் சதுரங்கம் போல ஒவ்வொரு நகர்த்தலையும் சேமித்துவைத்து, எதிராளி வரும்போது கொடுக்கலாம். மூன்றையும் நாங்கள் செய்து பார்த்துவிட்டோம் என்பதால், ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது, எங்கே சரிகிறது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

எங்கள் சோதனைக்களம் வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் செல்லும் பேருந்து. சோதனைச்சாவடியைக் கடக்கும் இடத்தில் கைபேசி கேரள டவரை விட்டுத் தமிழ்நாட்டு டவருக்கு மாறும். எங்கள் கைபேசிகளில் அந்த மாற்றத்தின்போது நெட் சில நொடிகள் அறுந்து, பெரும்பாலும் புதிய இணைய முகவரியுடன் (ஐபி எண்ணுடன்) திரும்பி வருகிறது. தினமும் அந்தப் பேருந்தில் வேலைக்குப் போகும் அக்கா ஒருவர், முதல் வடிவத்தை ஆடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏந்தம்பி, புலியைக் கட்டிப்போடற நேரம் பார்த்து ஆட்டமே போயிருதுங்க, சாவடி தாண்டறப்ப." அவருடைய ஆட்டம் சாவடி தாண்டியும் பிழைத்திருக்க வேண்டும் என்பதையே இந்த ஒப்பீட்டின் அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

முதல் வழியான எந்நேரச் சர்வருக்கு எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு, பிரேசிலைச் சேர்ந்த மாதேயஸ் வலடாரஸ் 2015 ஏப்ரலில் வெளியிட்ட அகார்.ஐஓ. ஒரே ஆள் எழுதிய அந்த விளையாட்டு, பிரவுசரைத் திறந்தவுடன் ஆடக்கூடியதாக இருந்ததால் உலகம் முழுக்கப் பரவியது. 2016-இல் வந்த பாம்பு விளையாட்டான ஸ்லிதர்.ஐஓவும் அதே தடத்தில் சென்றது. இந்த முறையில் ஆடுபவரின் கைபேசி "இடப்பக்கம் போக விரும்புகிறேன்" என்று கேட்க மட்டுமே செய்யும். போனாரா இல்லையா என்பதைச் சர்வர் தீர்மானித்து, ஒரு நொடிக்குப் பல முறை எல்லோருக்கும் புதிய நிலையை அனுப்பும். ஏமாற்றுவது கடினம், இருவரின் திரையும் வேறுபட்டுப் போகாது, யாராவது பாதியில் எழுந்து போனாலும் மற்றவர்களின் ஆட்டம் தொடரும். இவை பெரிய நன்மைகள்.

ஆனால் விலையும் பெரிது. நொடிக்கு 20 முறை, முறைக்கு 200 பைட் என்று வைத்துக்கொண்டாலும், ஒருவருக்கு ஒரு மணி நேரத்தில் 14 எம்பிக்கு மேல் போகிறது. பிரவுசரில் இதற்குப் பயன்படுவது வெப்சாக்கெட் என்னும் அறுபடாத இணைப்பு; அது, தரவைச் சிறு பொட்டலங்களாக்கி வரிசை மாறாமல் சேர்க்கும் டிசிபி என்னும் விதிமுறையின் மேல் ஓடுவது. டிசிபியில் ஒரு பொட்டலம் தொலைந்தால், அது மறுபடி வந்து சேரும்வரை பின்னால் வந்த பொட்டலங்கள் அனைத்தும் வரிசையில் காத்திருக்கும். காய் உறைந்து நின்று, பின் திடீரெனத் தாவுவதற்கு இதுவே முக்கியக் காரணம். சர்வர் தொலைவில் இருப்பதால்தான் இப்படி ஆகிறது என்று பலர் நினைக்கிறார்கள். சர்வர் மும்பையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்; அது இங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், போய்வர அடிப்படையில் 10 மில்லிநொடியே ஆகும், கேபிள் சுற்றிச் சென்றால் இன்னும் கொஞ்சம் கூடும். மிச்சத் தாமதத்தின் பெரும்பகுதி, நெரிசலான டவருக்கும் நம் கைக்கும் இடைப்பட்ட அந்தக் கடைசித் தொலைவில் பிறக்கிறது. சர்வரை 2022-இல் அமேசான் தொடங்கிய ஐதராபாத் மையத்துக்கு மாற்றினாலும் வேலந்தாவளத்து அக்காவின் சிக்கல் அப்படியே இருக்கும்.

பணத்தையும் தொழில்நுட்பத்தையும் விட என்னைக் கவலைப்பட வைப்பது வெற்று அறை. நேரடி ஆட்டத்துக்கு இருவர் ஒரே நேரத்தில் வந்தாக வேண்டும். ஒரு நாளில் ஐம்பது பேர் வரும் விளையாட்டில், பிற்பகல் மூன்று மணிக்கு வருபவர் "எதிராளியைத் தேடுகிறோம்" என்ற சுழலும் வட்டத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார், மறுபடி வரமாட்டார். 2018-இல் வெளியான அமங் அஸ் என்னும் இணைய விளையாட்டு, மூன்றே பேர் கொண்ட குழுவின் படைப்பு. அது உலகப் புகழ் அடைந்தது 2020-இன் நடுப்பகுதியில்தான். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகள் அதைக் கைவிடாமல் காத்த அக்குழுவின் பொறுமையை மனமாரப் போற்றுகிறேன், ஆனால் ஆளில்லாத சர்வருக்கு மாதாமாதம் வாடகை கட்டும் நிலையில் எல்லாச் சிறு குழுக்களும் இருப்பதில்லை.

இரண்டாவது வழி வாடகையைக் கிட்டத்தட்ட இல்லாமல் செய்துவிடுகிறது. வெப்ஆர்டிசி என்னும் தொழில்நுட்பத்தால் இரண்டு பிரவுசர்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளலாம். இருவரையும் அறிமுகப்படுத்திவைக்க மட்டும் ஒரு சிறிய சர்வர் போதும். அதன் தரவுத் தடம், டிசிபியைப் போல வரிசைக்குக் காத்திருக்காத யுடிபி என்னும் விதிமுறையின் மேல் ஓடுவதால், தொலைந்த பொட்டலத்துக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றும் சொல்லிவைக்கலாம். ஒரே வீட்டில், ஒரே வைஃபையில் அண்ணனும் தங்கையும் ஆடும்போது இதைவிட இனிமையான வழி இல்லை. விரல் எடுப்பதற்குள் எதிர்த்திரையில் காய் நகர்ந்துவிடும்.

வீட்டை விட்டு வெளியே வந்தால் நிலைமை மாறுகிறது. மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. அப்படிப்பட்ட இரண்டு கைபேசிகள் ஒன்றையொன்று நேரடியாகக் கண்டுபிடிப்பது பல வேளைகளில் முடியாமல் போகிறது. அப்போது இடைத்தரகு சர்வர் ஒன்றை வைத்து எல்லாத் தரவையும் அதன் வழியே அனுப்ப வேண்டும். விட்டுவிட்டோம் என்று நினைத்த வாடகை வேறு பெயரில் திரும்பி வந்துவிடுகிறது. சர்வராக இருக்கும் கைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தாலே ஆட்டம் ஆட்டம் காண்கிறது. மின்கலம் தீர்ந்தால் ஆட்டமே மறைகிறது.

நேர்மையும் இங்கே கேள்விக்குள்ளாகிறது. ஆடுபுலி ஆட்டத்தில் 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள், எல்லாம் இருவர் கண்முன்னே இருப்பவை. எதிராளி அனுப்பும் நகர்த்தல் விதிப்படி சரியா என்று என் கைபேசியே சரிபார்த்துவிடும். தாயம் அப்படியன்று. கட்டையை உருட்டுவது யார்? சர்வராக இருப்பவரின் கைபேசி உருட்டினால், நிரலைத் தொடத் தெரிந்தவருக்கு வேண்டும்போதெல்லாம் தாயம் விழும். இதற்கு ஒரு தீர்வு உண்டு: இருவரும் ஆளுக்கொரு ரகசிய எண்ணைத் தேர்ந்தெடுத்து, அதன் ஹாஷ் மதிப்பை, அதாவது எண்ணுக்குத் திரும்பிப் போக முடியாத முத்திரையை, முதலில் அனுப்பிக்கொள்ள வேண்டும், இரண்டு முத்திரைகளும் வந்த பிறகு எண்களைத் திறந்து காட்ட, அவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் விழுந்தது எது என்று தெரியும். எதிராளியின் எண் தெரியாத நிலையில் இருவரும் தத்தம் எண்ணுக்குக் கட்டுப்பட்டுவிடுவதால், ஒருவர் மட்டும் விளைவைத் தன் பக்கம் வளைக்க முடியாது. இதை எழுதி முடித்தபோது நாங்கள் மிகவும் மகிழ்ந்தோம். ஆனால் இரண்டாவதாகத் திறந்து காட்ட வேண்டியவர், விளைவை முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் நெட்டைத் துண்டித்துவிடலாம். துண்டித்தவர் ஏமாற்றினாரா, சாவடியைத் தாண்டினாரா? நிரலால் பிரித்தறிய முடியவில்லை. எங்கள் வட்டாரத்தில் நேர்மையானவர்களுக்கே நாள்தோறும் நெட் அறுவதால், துண்டிப்பைத் தோல்வியாகக் கணக்கிட எங்களுக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது வழி மிகப் பழையது. கொல்கத்தாவின் அகர்வாலா சகோதரர்கள் 2007-இல் ஃபேஸ்புக்குக்குக் கொண்டுவந்த ஸ்க்ராபுலஸ் சொல் விளையாட்டை, ஆளுக்கு வாய்த்த நேரத்தில் ஒரு நகர்த்தல் வீதம் உலகெங்கும் ஆடினார்கள். அது ஒத்திருந்த ஸ்க்ராபிள் பலகை விளையாட்டின் உரிமையாளர்களின் எதிர்ப்பால் 2008-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் அது நிறுத்தப்பட்டது என்றாலும், அந்த ஆடும் முறை நிலைத்துவிட்டது. கட்டணமே இல்லாத சதுரங்கத் தளமான லிசெஸ்ஸில் இன்றும் ஒரு நகர்த்தலுக்குப் பல நாள் அவகாசம் தரும் அஞ்சல்முறை ஆட்டம் இருக்கிறது. இதில் சர்வரின் வேலை ஒரு தரவுத்தளத்தில் வரி சேர்ப்பது மட்டுமே. நகர்த்தலுக்கு, இணைவதற்கான செலவையும் சேர்த்து, 5 கேபி என்று தாராளமாக வைத்தாலும், 60 நகர்த்தல்கள் கொண்ட ஆட்டம் 300 கேபிக்குள் முடிந்துவிடுகிறது. கட்டையை உருட்டுவதும் சர்வர்தான் என்பதால் தாயத்தில் வழக்கில்லை. வெற்று அறை என்ற பேச்சே எழாது, ஏனெனில் எதிராளி இரவு ஒன்பது மணிக்கு வந்தாலும் போதும்.

இதிலும் ஓர் இடத்தில் நாங்கள் நன்றாகவே அடி வாங்கினோம். கைபேசி நகர்த்தலை அனுப்புகிறது. சர்வர் அதை ஏற்றுக்கொள்கிறது. "ஏற்றேன்" என்ற பதில் திரும்பி வருவதற்குள் நெட் அறுகிறது. பதில் வராததால் கைபேசி அதே நகர்த்தலை மறுபடி அனுப்ப, ஒரே உருட்டலுக்குக் காய் இரண்டு முறை நகர்ந்து, பழமேறும் தறுவாயில் இருந்த எதிராளியை வெட்டிவிட்டது. மீனாட்சிபுரத்தில் இருந்து சோதித்துக் கொடுத்த மாமா ஒருவர் கோபத்துடன் கூப்பிட்டார். அவர் கோபத்தில் முழு நியாயம் இருந்தது. அன்று முதல் ஒவ்வொரு நகர்த்தலும் தன் வரிசை எண்ணைச் சுமந்து செல்கிறது: 17-ஆம் நகர்த்தல் ஏற்கெனவே பதிவாகியிருந்தால், மறுபடி வரும் 17-க்குச் சர்வர் பழைய பதிலையே தரும், பலகையைத் தொடாது. பத்து வரிக்குள் அடங்கும் இந்தத் திருத்தத்தை, முறைவைத்து ஆடும் விளையாட்டு எழுதும் எவரும் முதல் நாளே செய்துவிட வேண்டும்.

இவ்வழியின் உண்மையான குறை சுவாரசியம் ஆறிப்போவது. ஆட்டம் மூன்று நாள் நீண்டால், புலியை எதற்காக அந்த மூலைக்குக் கொண்டுபோனோம் என்பதே மறந்துவிடும். உங்கள் முறை வந்துவிட்டது என்று தெரிவிக்கும் அறிவிப்புகளைச் சில கைபேசிகள் மின்கலத்தைச் சேமிக்கும் பொருட்டு முடக்கிவிடுவதால், எதிராளி கண்டுகொள்ளவில்லை என்ற மனக்கசப்பும் வருகிறது. விரைந்து விரல் ஆட வேண்டிய விளையாட்டு எதையும் இம்முறையில் செய்ய இயலாது.

எதில் உருவாக்குவது என்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான யூனிட்டி வளமானது, கற்றுக்கொள்ளப் பாடங்கள் ஏராளம். ஆனால் ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று 2023 செப்டம்பரில் அறிவித்து, ஓராண்டு கழித்து அதைக் கைவிட்டதை எங்களைப் போன்றவர்கள் மறக்க நாளாகும். யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் இடம் தரும் எம்ஐடி உரிமத்தில் 2014-இல் திறந்துவிடப்பட்ட, அதே வகை மென்பொருளான காடோவில் அந்த அச்சம் இல்லை. நாங்கள் பார்த்த தேர்வு வேறொன்று: எங்கள் ஊர்ப் பெயர் முதல் திரையில் சரியாக வருகிறதா என்பது. 'கொ' என்ற எழுத்தில் கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் நிற்க வேண்டும். கணினியிலோ இரண்டும் ககரத்துக்குப் பின் ஒரே குறியாகச் சேமிக்கப்பட்டிருக்கும். அதைப் பிரித்து அடுக்கத் தெரியாத பழைய காடோ 3, ஊர்ப் பெயரின் முதல் எழுத்தையே சிதைத்துக் காட்டியது. 2023-இல் வந்த காடோ 4 தமிழையும் மலையாளத்தையும் ஒழுங்காக எழுதுகிறது. பிரவுசர் இதை வெகு காலமாகவே பிழையின்றிச் செய்து வருகிறது. மேலும் பிரவுசர் விளையாட்டை ஓர் இணைப்பாக வாட்ஸப்பில் அனுப்பிவிடலாம். ப்ளே ஸ்டோருக்கு 25 டாலர் பதிவுக் கட்டணத்துடன், புதிய தனிநபர் கணக்கு என்றால் குறைந்தது 12 சோதனையாளர்கள் தொடர்ந்து 14 நாள் சோதனையில் சேர்ந்திருக்கவும் வேண்டும்.

பணம் வைத்து ஆடும் வசதியைச் சேர்த்தால் வருமானம் வருமே என்று கேட்பவர்கள் உண்டு. இணையப் பண விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறியது. சட்டம் இல்லாவிட்டாலும் நாங்கள் அதைச் செய்திருக்க மாட்டோம்.

ஆக, பாம்பு நெளிவதும் பந்து பறப்பதும்தான் உங்கள் விளையாட்டின் உயிர் என்றால் எந்நேரச் சர்வரைத் தவிர வழியில்லை, வாடகைக்கும் ஆள் சேர்ப்பதற்கும் தயாராக இறங்குங்கள். ஒரே கூரையின் கீழ் ஆடுவதற்கு என்றால் கைபேசியைச் சர்வராக்குவது நல்லது. முறைவைத்து ஆடும் எதற்கும் நான் மூன்றாவதையே தேர்ந்தெடுப்பேன், ஒரு சேர்க்கையுடன்: இருவரும் ஒரே நேரத்தில் திரையைத் திறந்திருந்தால் மட்டும் வெப்சாக்கெட் ஒன்றைத் திறந்து நகர்த்தலை உடனுக்குடன் காட்டுவது, அது அறுந்தால் சத்தமின்றிச் சேமித்த நிலைக்குத் திரும்புவது. இப்போது ஓடுவது இந்த வடிவம்தான். அக்காவின் ஆட்டம் வேலந்தாவளத்தில் சில நொடி அஞ்சல்முறைக்கு மாறி, சாவடி தாண்டியதும் மறுபடி நேரடி ஆட்டமாகிறது. புலி, விட்ட புள்ளியிலேயே நிற்கிறது.