டர்பன் பக்கத்து கடல் கோருக்கு ஆல்கீனோனா, ஃபோராமா, டெக்ஸ்86-ஆ?

தமிழ்நாட்டுல இருந்து இங்க தென்னாப்பிரிக்காவுக்கு கடல் படிவு ஆராய்ச்சிக்கு வர்ற பசங்க முதல்ல கேக்கறது இதான், அந்தக் காலத்து கடல் எவ்ளோ சூடா இருந்துச்சுன்னு பாக்க எந்த முறைய எடுக்கறது அண்ணேன்னு. நான் டர்பனுக்கு வெளிய ஆழ்கடல்ல இருக்கற நேட்டால் வேலில எடுத்த கோருக்கு (கடலடி மண்ண குழாய் விட்டு அடுக்கு அடுக்கா எடுத்தது) ஆல்கீனோன் முறைய எடுத்தேன், இன்னைக்கு கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

தெரிஞ்சவங்களுக்கு தெரிஞ்சதுதான், சுருக்கமா சொல்லிடறேன். எமிலியானியா ஹக்ஸ்லேயி மாதிரி நுண்பாசிங்க 37 கார்பன் நீளத்துக்கு ஒரு கீட்டோன் செய்யும், அதான் ஆல்கீனோன். தண்ணி சூடுன்னா ரெண்டு இரட்டைப் பிணைப்பு உள்ளது கூடும், சில்லுனு ஆனா மூணு உள்ளது கூடும், அந்த விகிதம்தான் யூகே37-ங்கற இண்டெக்ஸ். 1998-ல முல்லர் குழு போட்ட கணக்குப்படி வெப்பத்த 0.033-ஆல பெருக்கி 0.044 கூட்டினா இண்டெக்ஸ் வந்துரும், அதாவது 0.85 வந்தா சுமார் 24.4 டிகிரி. பிழை 1.5 டிகிரி கிட்ட.

ஃபோராம்ங்கறது ஓடு உள்ள குட்டிக் கடல் உயிரி, அந்த முறைல ஓட்டுல இருக்கற மெக்னீசியம்-கால்சியம் விகிதத்த பாக்கறோம், டிகிரிக்கு 9 சதவீதம் போல ஏறும். டெக்ஸ்86 பாசிய வெச்சது இல்ல, ஆர்க்கியாங்கற பாக்டீரியா மாதிரி நுண்ணுயிரோட கொழுப்ப வெச்சு பாக்கறது, 2002-ல வந்தது. அத நான் கைப்பட செஞ்சதில்ல, அதனால அதப்பத்தி கம்மியாத்தான் பேசுவேன். டர்பனுக்கு வடக்க துகேலா ஆறு கொட்டற மண்ணுலயும் அதே மாதிரி கொழுப்பு வரும்ங்கறதால கரைக்கு கிட்ட எடுத்த கோர்ல ரொம்ப கவனமா இருக்கணும், அது மட்டும் தெரியும். ஃபோராமுக்கும் அந்த ஆத்துக் களிமண் தொல்லைதான், ஓட்டுக்குள்ள ஒட்டிக்கிட்டு மெக்னீசியத்த ஏத்திக் காட்டும், அத கழுவி கழுவி எடுக்கறதுக்குள்ள பாதி ஓடு நொறுங்கிடும்.

ஆனா நான் முடிவு பண்ணினது இதெல்லாம் வெச்சு இல்ல. கரண்ட் வெச்சு. 2022, 2023-ல இங்க இருந்தவங்களுக்கு லோட் ஷெடிங் (அட்டவணை போட்டு கரண்ட நிறுத்தறது) பத்தி சொல்ல வேண்டாம், அப்போ ஒரு ஸ்லாட் ரெண்டு மணி நேரம், சில நாள் நாலு மணி நேரம் சேர்ந்தே போச்சு. மத்த ரெண்டு முறைக்கும் பெரும்பாலும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (அணு, மூலக்கூற எடை வெச்சு பிரிக்கற கருவி) வேணும், அது வெச்ச மெஷின் எதுவா இருந்தாலும் கரண்ட் போனா வேக்குவம் போச்சு, பம்ப் திரும்ப இழுத்து, ட்யூன் பண்ணி, ஸ்டாண்டர்ட் (அளவு தெரிஞ்ச சாம்பிள்) எல்லாம் மறுபடி ஓட்டணும், ஃபோராம் கரைசல் கொஞ்சூண்டுதான் இருக்கும், பாதில நின்னா அது போனது போனதுதான், மைக்ரோஸ்கோப்ல கண்ணு வலிக்க ஒவ்வொண்ணா பொறுக்குன ஓடுங்க அது. ஆல்கீனோனுக்கு வேண்டியது கேஸ் குரோமட்டோகிராஃபும் (கேஸோட குழாய்ல ஓட விட்டு கலவைய பிரிக்கற மெஷின்) ஒரு ஃப்ளேம் டிடெக்டரும்தான். ஃப்ளேம் அணைஞ்சா பத்த வை, ஓவன் சூடேறட்டும், ஒரு ஸ்டாண்டர்ட் ஓட்டிப் பாரு, அதே குட்டி பாட்டில்ல இருந்து சாம்பிள எடுத்து திரும்ப ஊசி போடு. விகிதம்தான பாக்கறோம், அளவு கொஞ்சம் முன்னபின்ன ஆனாலும் பாதகமில்ல. ஒண்ணே ஒண்ணு, அட்டவணைய பாத்து ஸ்லாட் வர்றதுக்கு முன்னாடியே ஓவன ஆற விடணும், கேஸ் ஓட்டம் நின்னு ஓவனுக்குள்ள இருக்கற பிரிக்கற குழாய் (column) சூடாவே கிடந்தா அது சீக்கிரம் கெட்டுடும், அந்தக் குழாய் விலை உங்களுக்கே தெரியும். ரெண்டு மூணு கிராம் மண்ணு, டைகுளோரோமீத்தேன், மெத்தனால், சிலிக்கா, இவ்ளோதான் மத்த செலவு.

குறை இல்லாமலா? இருக்கு. ஆல்கீனோன் பொடி மண்ணோட ஒட்டிக்கிட்டு அலையும், ஃபோராம் மணல் மாதிரி நேரா கீழ விழுந்துடும். நமீபியா பக்கம் பெங்குவேலா கடல் ஓட்டம் இருக்கற இடத்துல ஒரே அடுக்குல இருந்த ஆல்கீனோன் ஃபோராமவிட 1000-ல இருந்து 4500 வருஷம் வரைக்கும் பழசா இருந்துச்சுன்னு 2003-லயே காட்டிட்டாங்க. இந்தக் கரைல ஓடற அகுல்யாஸ் கடல் ஓட்டம் அதவிட வேகம், அதனால வயசுக்கு ஃபோராம்ல கார்பன்-14 எடுத்தாலும் நூறு வருஷ அளவுல நுணுக்கமா பேசாதீங்க, ஆயிரம் வருஷக் கணக்குல பேசினா தாங்கும். அப்புறம் பருவம். ஜூன் ஜூலைல சார்டைன் மீன் கூட்டம் வர்ற குளிர் தண்ணியும் ஜனவரி தண்ணியும் ஒண்ணா? பாசி எந்த மாசம் பெருகுச்சோ அந்த மாசம்தான் அதிகமா பதியும், வருஷ சராசரின்னு கண்ண மூடிட்டு எழுதக்கூடாது.

அதே பெங்குவேலால 1084-ம் எண் கடலடித் துளைல ஆல்கீனோன் வெச்சுத்தான் 32 லட்சம் வருஷத்துல கடல் 10 டிகிரி கிட்ட குளிர்ந்த கதைய 2000-ல எடுத்தாங்க. அவ்ளோ பெரிய மாத்தத்துக்கு முன்னாடி 1.5 டிகிரி பிழை எனக்கு பெருசா தெரியல.

மொரீசியஸுக்கு வடக்க, 28 டிகிரி தண்ணில கோர் எடுக்கறவங்க மட்டும் நான் சொன்னத கேக்காதீங்க. அங்க மூணு பிணைப்பு உள்ளது நூத்துக்கு மூணு பங்குதான் இருக்கும், வரைபடத்துல அதோட பீக் (மேடு) மெஷினோட இரைச்சலுக்குள்ளயே (noise) மூழ்கிடும், 29-க்கு மேல இண்டெக்ஸ் 1-ல முட்டி நின்னுடும். அங்க ஃபோராம்தான், லேப்ல இன்வெர்ட்டர் இருக்கான்னு மட்டும் முதல்ல கேட்டுக்கங்க.